தனி அறையும் சனிக்கிழமைக் குழுவும்

என்னுடைய முதல் தெரபிஸ்ட் பிரசவ விடுப்பில் போகப்போவதாகச் சொன்ன அன்று ராத்திரி அவருக்கு 43 வாட்ஸ்அப் செய்திகள் அனுப்பினேன். முதலில் வாழ்த்து. அப்புறம் கேள்விகள். நடுராத்திரிக்கு மேல் அனுப்பியவற்றை இங்கே எழுத முடியாது. அதற்கு முந்தின வாரம் வரைக்கும் "அவங்க மட்டும் இல்லேன்னா நான் இல்ல" என்று அறைத்தோழியிடம் சொல்லிக்கொண்டு திரிந்தவளும் நான்தான்.

எனக்கு இருப்பது எல்லைக்கோட்டு ஆளுமைக் கோளாறு. பேச்சில் எல்லோரும் பிபிடி என்றுதான் சொல்கிறோம். அதற்கு முன்னால் நாலு வருஷம் டிப்ரஷன் என்று மாத்திரை சாப்பிட்டேன். கடைசியில் ஒரு மனநல மருத்துவர் ஒன்பது அறிகுறிகள் கொண்ட பட்டியலை வைத்து நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். ஐந்து இருந்தால் போதும், எனக்கு ஏழு இருந்தது. கைவிட்டுவிடுவார்களோ என்ற பயம், ஒருத்தரைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடி அடுத்த வாரமே தரையில் போட்டு உடைப்பது, நான் யார் என்று எனக்கே பிடிபடாதது, என்னையே காயப்படுத்திக்கொள்வது. பட்டியல் என் டைரியைத் திருடிப் படித்தது போல இருந்தது.

நான் முதலில் தனி சிகிச்சை மட்டும் ஒன்றரை வருஷம் போனேன். அப்புறம் தனியும் குழுவும் சேர்ந்து ஒரு வருஷம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பவர்களுக்குத் திரும்பத் திரும்பப் பதில் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. குழுவில் கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது விதி. அதனால் மற்றவர்களைப் பற்றிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு சம்பவத்துக்கு மட்டும் சம்பந்தப்பட்ட பெண்ணிடம் அனுமதி வாங்கினேன்.

தனி சிகிச்சையைக் குறை சொல்ல மனசு வரவில்லை. திட்டாமல், ஆறுதல் என்ற பெயரில் அறிவுரை சொல்லாமல், வாரம் 50 நிமிஷம் ஒரு மனுஷி என்னைக் கேட்டுக்கொண்டிருந்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. சின்ன வயதில் நடந்தவற்றை அந்த அறையில்தான் வாய்விட்டுச் சொன்னேன். ஆனால் அந்த 50 நிமிஷத்துக்காக மற்ற ஆறு நாளும் வாழ ஆரம்பித்தேன். செவ்வாய்க்கிழமை என்ன சொல்ல வேண்டும் என்று வியாழக்கிழமையே ஒத்திகை. அவர் கடிகாரத்தைப் பார்த்தால் அன்றைக்குத் தூக்கம் போச்சு. எனக்கு எல்லா உறவிலும் என்ன நடக்குமோ அதேதான் அந்த அறையிலும் நடந்துகொண்டிருந்தது, பீஸ் கட்டி.

இதில் ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். அவர் செய்தது பொதுவான பேச்சு சிகிச்சை. பிபிடிக்கென்று ஒழுங்கமைத்த சிகிச்சையில் தனி அமர்வே வேறு மாதிரி இருக்கும் என்பது எனக்கு இரண்டாவது தெரபிஸ்ட்டிடம் போனபோதுதான் தெரிந்தது.

அவர் முதல் நாளே நிபந்தனை போட்டார். வாரம் ஒரு தனி அமர்வு, சனிக்கிழமை காலையில் குழு. இரண்டும் சேர்ந்துதான் சிகிச்சை, ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது.

"ஏழு பேர் முன்னாடி என் கதையைச் சொல்ல முடியாது மேடம்."

"அங்க யாருக்கும் கதை சொல்ல நேரமே இருக்காதும்மா. அது வகுப்பு."

டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டிபிடி எனப்படும் இந்த முறையை உருவாக்கியவர் அமெரிக்காவில் சியாட்டிலில் இருக்கும் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மார்ஷா லினஹன். அதன் முதல் பெரிய ஆய்வு 1991-இல் வந்தது. தானும் இளம் வயதில் இதே மாதிரித் துன்பத்தோடு மனநல மருத்துவமனையில் கிடந்தவள் என்று அவர் 2011-இல் வெளிப்படையாகச் சொன்னார். அதைப் படித்த அன்றைக்கு எனக்கு அந்த முறை மேல் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. சிகிச்சையை ஏன் இரண்டாகப் பிரித்தார் என்பதுதான் இங்கே முக்கியம். எங்களைப் போன்றவர்கள் தனி அமர்வுக்கு வரும்போது ஒவ்வொரு வாரமும் ஒரு நெருப்போடு வருவோம். சண்டை, வேலையை விட்டது, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம். அதை அணைக்கவே நேரம் சரியாகிவிடும். வீடு தினமும் தீப்பிடித்துக்கொண்டிருந்தால் வயரிங்கை எப்படிச் சரிசெய்வது என்று யார் உட்கார்ந்து சொல்லித்தருவது? அதனால் சொல்லித்தர வேண்டியதைத் தனியே பிரித்து வகுப்பாக்கினார். தனி அமர்வு அந்த வாரத்து நெருப்புக்கு. இடையில் தாங்க முடியாமல் போனால் தெரபிஸ்ட்டைச் சில நிமிஷம் போனில் கூப்பிடலாம். இதைச் செய்கிற தெரபிஸ்ட்டுகள் நொறுங்கிப் போகாமல் இருக்க அவர்களுக்கும் வாரம் ஒரு கூட்டம் உண்டு. எங்களைப் பார்ப்பவர்களுக்கே ஒரு சங்கம் தேவைப்படுகிறது என்று கேட்டபோது கோபம் வந்தது. இப்போது சிரிப்பு வருகிறது.

குழு, அடையாறு பக்கம் ஒரு மாடியில். பத்து மணி முதல் பன்னிரண்டரை வரை. வெள்ளைப் பலகை, பிளாஸ்டிக் நாற்காலி, இரண்டு பயிற்றுநர்கள், நாங்கள் எட்டுப் பேர். முதல் பாதியில் போன வார வீட்டுப்பாடம், டீ, அப்புறம் புதுப் பாடம். இந்தக் கணத்தைக் கவனித்திருப்பது, துயரத்தைத் தாங்குவது, உணர்ச்சியைக் கையாள்வது, உறவுகளில் பேசத் தெரிவது என்று நாலு பகுதி, 24 வாரம். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து இன்னொரு சுற்று, ஆக ஒரு வருஷம். பத்தாங்கிளாஸ் ட்யூஷன் ஞாபகம்தான் வந்தது. நெஞ்சு வெடித்துக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் வெள்ளைப் பலகையில் மூன்று வட்டம் போட்டு, அறிவு மனம், உணர்ச்சி மனம், இரண்டும் சேரும் இடம் விவேக மனம் என்று பாடம் எடுத்தால் எப்படி இருக்கும்? முதல் மூன்று வாரமும் இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டே படியிறங்கினேன்.

விதிகள் கறாராக இருந்தன. காயப்படுத்திக்கொண்ட விவரத்தைக் குழுவில் பேசக் கூடாது, ஏனென்றால் அது ஒட்டுவாரொட்டி, கேட்டவருக்கும் தோன்ற ஆரம்பித்துவிடும். வெளியே தனியாக ஜோடி சேர்ந்து ரகசியம் வைத்துக்கொள்ளக் கூடாது. தனி அமர்வோ குழுவோ, எதையாவது தொடர்ந்து நாலு முறை தவறவிட்டால் சிகிச்சையிலிருந்தே வெளியே. அந்த நாலு முறை விதிதான் என்னைக் காப்பாற்றியது. மூன்று தடவை போகாமல் இருந்துவிட்டு நாலாவது சனிக்கிழமை ஆட்டோ பிடித்து ஓடியிருக்கிறேன்.

எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று பயிற்றுநர் முதல் நாளே சொல்லியும் இரண்டாம் வாரத்துக்குள் நாங்கள் அக்கா, தம்பி ஆகிவிட்டோம். நாற்பதைத் தாண்டிய ஒருவர் எல்லோருக்கும் அக்கா. அவர் எல்லோருக்கும் வீட்டிலிருந்து முறுக்கு கொண்டுவந்தார், அழுகிறவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார், தன் வீட்டுப்பாடத்தைப் பற்றி மட்டும் பேசவே இல்லை. ஐந்தாவது வாரம் பயிற்றுநர், "இன்னைக்கு நீங்க யாருக்கும் அக்கா இல்ல, சரியா?" என்று கேட்டதும் அவர் முகம் உடைந்துபோனதை மறக்க முடியாது. முறை வைத்துக் கூப்பிடுவது நமக்கு மரியாதை, பாசம், எல்லாம்தான். ஆனால் அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளவும் முடியும். தனி அறையில் இது தெரிய வழியே இல்லை, அங்கே நீங்கள் யாருக்கும் அக்கா ஆக முடியாது.

ஆறாவது வாரம் நடந்ததுதான் நான் அனுமதி வாங்கிய சம்பவம். நான் என் வீட்டுப்பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த சின்னப் பெண் போனைப் பார்த்தாள். அப்புறம் ஜன்னலைப் பார்த்தாள். அவ்வளவுதான். அவளுக்கு என்னைப் பிடிக்கவில்லை, இங்கே யாருக்குமே பிடிக்கவில்லை, எல்லோரும் சகித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று மனசு ஒரே மூச்சில் முடிவு கட்டிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு வெளியே போய் மாடிப்படியில் உட்கார்ந்தேன்.

திங்கட்கிழமை தனி அமர்வில் தெரபிஸ்ட் அதைச் சங்கிலியாகப் பிரித்துப் போட வைத்தார். டிபிடியில் தனி அமர்வின் பெரும்பாகம் இதுதான். என்ன நடந்தது, அதற்கு முன் என்ன, அதற்கும் முன் என்ன என்று கண்ணி கண்ணியாக. வெள்ளிக்கிழமை ராத்திரி நாலு மணி நேரம்தான் தூக்கம். காலையில் சாப்பிடவில்லை. ஆட்டோவில் வரும்போது அம்மாவோடு போனில் சண்டை. அப்புறம்தான் அந்தப் பெண்ணின் போன். எந்தக் கண்ணியை அறுத்திருந்தால் படிக்கட்டுக்குப் போயிருக்க மாட்டாய் என்று கேட்டார். இட்லி, என்றேன். கேலியாகத்தான் சொன்னேன். அவர் சீரியஸாகக் குறித்துக்கொண்டார்.

வீட்டுப்பாடமாக, அடுத்த சனிக்கிழமை அவளிடமே கேட்க வேண்டும் என்று முடிவானது. நம் மனசு சொல்வது உண்மையா என்று விஷயங்களைச் சரிபார்ப்பது ஒரு திறன். குழந்தைக்குக் காய்ச்சல், தங்கையிடமிருந்து செய்தி என்று ஏதாவது சொல்வாள், எனக்கு வெட்கமாக இருக்கும், கட்டிப்பிடித்துக்கொள்வோம் என்று ஒரு காட்சியைத் தயார் செய்துகொண்டு போனேன். டீ இடைவேளையில் கேட்டேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்:

"போரடிச்சுதுக்கா. நீங்க ரொம்ப நேரமா பேசிட்டிருந்தீங்க. ஆனா நீங்க வெளிய போனப்ப பயந்துட்டேன்."

செத்துவிடுவேன் என்று நினைத்தேன், சாகவில்லை. அவளுக்குப் போரடித்தது, ஆனால் அவள் எங்கேயும் போகவில்லை, அடுத்த வாரமும் அதே நாற்காலியில் இருந்தாள். ஒருத்தருக்கு என்னால் போரடிக்கலாம், அதே ஆளுக்கு என் மேல் அக்கறையும் இருக்கலாம் என்பது முப்பத்து மூன்று வயதில் எனக்குப் புதுச் செய்தி. ஒன்றரை வருஷத் தனி சிகிச்சை இதை எனக்குக் கற்றுத்தரவில்லை, தந்திருக்கவும் முடியாது. அந்த அறையில் எதிரே இருப்பவருக்குப் போரடித்தாலும் காட்டிக்கொள்ள மாட்டார். அந்த 50 நிமிஷமும் முழுக்க என்னுடையது. குழுவில் எனக்குக் கிடைப்பது எட்டில் ஒரு பங்கு. வெளி உலகத்தில் அந்த அளவுக்குக்கூடக் கிடைக்காது.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை இல்லாவிட்டால் நான் அடுத்த சனிக்கிழமை போயிருக்கவே மாட்டேன். பாடம் குழுவில் நடந்தது, என்னைக் குழுவுக்குத் திருப்பி அனுப்பியது தனி அறை. எங்கள் எட்டுப் பேரில் இரண்டு பேர் நடுவில் நின்றுவிட்டார்கள். (ஒருவர் போனபோது என்னால்தான் போனார் என்று இரண்டு வாரம் நம்பினேன்.)

ஒத்திகை பார்ப்பதும் குழுவில்தான் சாத்தியம். என்னிடம் சொல்லாமல் அம்மா என் போட்டோவை ஜாதகத்தோடு அனுப்பிவைப்பதை நிறுத்தச் சொல்லிக் கேட்க வேண்டும். 'டியர் மேன்' என்று ஒரு திறன், படிகளின் இங்கிலீஷ் முதலெழுத்துகளைச் சேர்த்து வைத்த பெயர்: நடந்ததைச் சொல், எப்படி இருக்கிறது என்று சொல், வேண்டியதைத் தெளிவாகக் கேள், பேச்சு திசை மாறினால் தேய்ந்த ரிக்கார்டு மாதிரி கேட்டதையே திரும்பக் கேள். தாடி வைத்த ஒரு தம்பி என் அம்மாவாக நடித்தான்.

"சரிம்மா, நீ பெரிய மனுஷி ஆயிட்ட. நான் போய்ச் சேந்தப்புறம் தெரியும்."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். என் கை மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. தனி அமர்வில் அம்மாவைப் பற்றி நாற்பது தடவை பேசியிருப்பேன். அம்மாவுக்குப் பதில் சொல்லிப் பழகியது அந்தத் தாடிக்காரனிடம்தான். ஆறு தடவை செய்ய வைத்தார்கள்.

சரி, இது என் கதை. ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன என்று தெரபிஸ்ட்டிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். 2015-இல் லினஹன் குழுவினரே தங்கள் சிகிச்சையைப் பிரித்துப் பார்த்தார்கள். 99 பெண்கள், மூன்று பிரிவு, ஓராண்டு. ஒரு பிரிவுக்கு முழு டிபிடி. இன்னொன்றுக்குத் திறன் வகுப்பும், நெருக்கடியில் கைகொடுக்க ஒரு பொறுப்பாளரும், தனி சிகிச்சை கிடையாது. மூன்றாவதற்குத் தனி சிகிச்சையும் ஒரு சும்மா பொழுதுபோக்குக் குழுவும், திறன் வகுப்பு கிடையாது. தற்கொலை முயற்சிகள் மூன்றிலும் ஏறக்குறைய ஒரே மாதிரி குறைந்தன. தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, மனச்சோர்வு, பதற்றம் ஆகியவை அந்த ஓராண்டில் திறன் வகுப்பு இருந்த இரு பிரிவுகளில் கூடுதலாகக் குறைந்தன. இதைப் பார்த்துவிட்டு "குழு மட்டும் போதும்" என்று சொல்கிறவர்கள் அந்தப் பொறுப்பாளரை மறந்துவிடுகிறார்கள். அந்தப் பிரிவிலும் கூப்பிட்டால் வர ஒரு ஆள் இருந்தார்.

சின்ன வயதிலிருந்தே ஊறிப்போன மனப்பதிவுகளை மாற்றப் பார்க்கும் ஸ்கீமா தெரபி என்ற இன்னொரு முறையில், ஐந்து நாடுகளில் 495 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2022-இல் வந்தது. பெரும்பாலும் குழுவாகவே நடத்தியதைவிட, தனியும் குழுவும் கலந்து கொடுத்ததுதான் நன்றாக வேலை செய்தது, நடுவில் நின்றவர்களும் அதில் குறைவு. லண்டனில் பேட்மன், ஃபோனகி என்ற இரண்டு நிபுணர்கள் வளர்த்த எம்பிடி (மென்டலைசேஷன் பேஸ்டு ட்ரீட்மென்ட்) என்ற முறையிலும் தனி, குழு இரண்டும் உண்டு. ஆனால் அந்தக் குழு வகுப்பு கிடையாது. அங்கே அந்த நேரத்தில் உங்களுக்கு என்ன தோன்றுகிறது, எதிரே இருப்பவருக்கு என்ன தோன்றியிருக்கும் என்பதைத்தான் பேசுவார்கள். குழு என்ற ஒரே சொல்லுக்குள் இப்படி இரண்டு வேறு விஷயங்கள் இருக்கின்றன. சேருவதற்கு முன்னால் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான்: பாடம் நடத்தும் குழுவா, பேசும் குழுவா?

கையில் இருக்கும் பணத்துக்கு ஒன்றுதான் முடியும் என்றால் எதில் சேர்வது என்பதுதான் என்னிடம் வருகிறவர்கள் கேட்கும் நிஜமான கேள்வி. எனக்குத் தனி அமர்வு ஒன்றுக்கு 1,800 ரூபாய், குழுவுக்கு வாரம் 700. என் கருத்து இது, மருத்துவரின் கருத்து அல்ல: உயிருக்கு ஆபத்தான எண்ணம் அடிக்கடி வந்துகொண்டிருந்தால் தனி சிகிச்சையும் மனநல மருத்துவரும் முதலில், குழு அப்புறம். அந்த நிலையில் உங்களுக்கென்று ஒரு ஆள் வேண்டும். அவ்வளவு நெருக்கடி இல்லை, ஆனால் வேலையும் உறவும் நிலைக்கவில்லை என்றால் திறன் குழுவில் சேர்ந்துவிட்டு, தனி அமர்வை மாதம் ஒன்றோ இரண்டோ வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். வருஷக்கணக்காக வாராவாரம் போய் ஆறுதலாகப் பேசிவிட்டு வருகிறீர்கள், வாழ்க்கை அப்படியே இருக்கிறது என்றால், தெரபிஸ்ட்டிடம் அதை நேராகச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. அவருக்கு வருத்தமாக இருக்குமே என்று ஒன்றரை வருஷம் நல்ல பிள்ளையாக இருந்தேன்.

போனிலேயே கேட்டுவிட வேண்டியவை இன்னும் சில. என் தெரபிஸ்ட்டும் குழுப் பயிற்றுநரும் பேசிக்கொள்வார்களா? எங்கள் இடத்தில் பேசிக்கொண்டார்கள், அதனால்தான் படிக்கட்டுச் சம்பவம் திங்கட்கிழமைக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அமர்வுகளுக்கு நடுவே கூப்பிடலாமா, எத்தனை மணி வரை? தெரபிஸ்ட் விடுப்பில் போனால் யார்? எந்த மொழியில் நடக்கும்? எங்கள் குழுவில் பேச்சு தமிழ், தாள்கள் எல்லாம் இங்கிலீஷ். முறுக்கு அக்கா ஒவ்வொரு தாளையும் தன் நோட்டில் தமிழில் எழுதிக்கொள்வார். உணர்ச்சி தூண்டுவதற்கு நேர்மாறாக நடப்பது என்ற திறனுக்கு அவர் எழுதியது 'தலைகீழாச் செய்'. நாங்கள் எல்லோரும் அதையே பிடித்துக்கொண்டோம். தெரிந்தவர் யாராவது குழுவில் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் கேளுங்கள். சென்னையிலேயே எனக்கு அந்தப் பயம் இருந்தது, சின்ன ஊரில் இன்னும் அதிகம் இருக்கும். ஆன்லைன் குழு அதற்கு ஒரு வழி, ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டார் இருக்கும்போது வாய் திறக்க வராது. நான் ஒரு தடவை முயன்று, கேமராவை அணைத்துவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

குழுவில் கற்றவற்றில் இன்றைக்கும் தவறாமல் கைகொடுப்பது ஒன்று. குண்டானில் ஐஸ் தண்ணீர் எடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முகத்தை அரை நிமிஷம் வரை முக்குவது. இதயத் துடிப்பு இறங்கும், தலையில் ஓடும் ரயில் கொஞ்சம் நிற்கும். இதய நோயோ, சாப்பாடு தொடர்பான மனநலக் கோளாறோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். எங்கள் பிரிஜ்ஜில் ஐஸ் தட்டு நாலு இருக்கிறது. அறைத்தோழி மீன் வைக்க இடமில்லை என்று முணுமுணுப்பாள், ஆனால் தட்டு காலியானால் அவளே தண்ணீர் ஊற்றி வைத்துவிடுவாள். அதுவும் போதாத ராத்திரிகளுக்கு 14416, டெலி-மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், எந்த நேரமும், தமிழிலும் பேசலாம். நான் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறேன்.

கடைசியாக, வீட்டில் சொல்வதா என்ற கேள்வி. அண்ணனிடம் சொல்லிவிட்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. போட்டோ அனுப்புவதை நிறுத்தச் சொல்லிக் கேட்டபோது அந்தத் தம்பி நடித்த வசனத்தை அம்மா வார்த்தை மாறாமல் சொன்னாள், நான் தேய்ந்த ரிக்கார்டாக மூன்று தடவை கேட்டேன், இப்போது என்னிடம் காட்டிவிட்டுத்தான் அனுப்புகிறாள். சனிக்கிழமை காலையில் நான் யோகா வகுப்புக்குப் போகிறேன் என்றுதான் கோவில்பட்டி வீட்டில் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். போன வாரமும் அம்மா போனில் கேட்டாள்:

"ஏட்டி, இவ்வளவு துட்டு குடுத்துப் போறியே, இடுப்பு கொஞ்சமாச்சும் வளையுதா?"

"வளையுதும்மா," என்றேன்.